சந்தனம் பூசிய எல்லைக்கல்

போன மாதம் ஈப்போ கோர்ட்டுக்கு எதிரில் உள்ள கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் செல்வராசு, இன்னும் இரண்டு குமாஸ்தாக்களோடு வந்து என் மேசையிலேயே உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

“அண்ணே, அந்தக் காலத்துல ஸ்டேட்டுக்கு ஸ்டேட்டு சட்டம் வேற வேறயாமே? எப்படித்தான் சமாளிச்சீங்க? எனக்கு இந்த ஒரு சட்டத்தப் படிக்கிறதுக்குள்ளயே ரம்புத்தானுக்கு அனுப்பிருவாங்க போல இருக்கு லா!”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் மருத்துவமனை இருக்கிறது. அதனால் பேராக்கில் யாரைக் கேலி செய்தாலும் அந்த ஊர்ப் பெயரை இழுத்துவிடுவார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அவர் தெரியாமல் சேர்த்துச் சொன்ன அந்த இரண்டும், சட்டமும் ரம்புத்தானும், என் உத்தியோகத்தில் ஒரே வழக்கில் சேர்ந்து வந்தவை. கடையில் வைத்துச் சொல்லும் கதை அல்ல அது. ஆகவே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் இந்த நாடு ஒரே நாடாக இருக்கவில்லை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஒரு கூட்டு. அவற்றுக்கான சட்டங்களைக் கோலாலம்பூரில் ஒரு சபை கூடி இயற்றும். சமயம், பழக்கவழக்கம் போன்ற சில காரியங்களுக்கு மட்டும் கோலகங்சாரில் எங்கள் சுல்தானின் சபை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நேராக வெள்ளைக்கார அரசாங்கத்தின் சொத்து. அவற்றுக்குச் சட்டம் சிங்கப்பூரில் கவர்னருடைய சபையிலிருந்து வரும். வடக்கே கெடா தனி. அங்கே சட்டத்தின் தலைப்பில் ஹிஜ்ரி ஆண்டு போட்டிருக்கும், வார விடுமுறை வெள்ளிக்கிழமை. கெடாத் தோட்டத்திலிருந்து எங்கள் கோர்ட்டுக்கு அழைக்கப்பட்ட ஒரு சாட்சி, ஒரு நாள் தாமதமாக சனிக்கிழமை வந்து நின்று, “வெள்ளிக்கெழம ஏதுங்க கோர்ட்டு?” என்று எங்களையே கோபித்துக்கொண்டார்.

இதில் பெரிய கூத்து எதுவென்றால், பேராக்கின் வயிற்றுக்குள்ளேயே ஒரு துண்டு வெள்ளைக்காரச் சீமை இருந்தது. லூமுட், பங்கோர் தீவு, அவற்றை ஒட்டிக் கொஞ்சம் தரை. டிண்டிங்ஸ் என்று பெயர். ஈப்போவில் காலையில் பஸ் ஏறினால் மாலைத் தேநீருக்குள் நீங்கள் ஒரு சட்டத்திலிருந்து இறங்கி வேறொரு சட்டத்தில் நிற்பீர்கள். வாசல் கிடையாது, காவல் கிடையாது. அதே சிவப்புச் சாலை, அதே ரப்பர் மரங்கள். மாட்டு வண்டிக்காரனுடைய பேராக் லைசென்ஸ் பலகை மட்டும் அந்தப் பக்கம் போனதும் வெறும் பலகையாகிவிடும். அவன் பாவம் பாட்டுப் பாடிக்கொண்டே போய் அபராதத்தில் விழுவான்.

நான் ஈப்போவில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தேன், மலாய் பரீட்சை எழுதினேன், தெலுங்கு காது வழியாக வந்தது. இருபத்திரண்டு வயதில் உத்தியோகம். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

வேலையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். சாட்சி “நான்” என்றால் மொழிபெயர்ப்பாளனும் “நான்” என்றுதான் சொல்ல வேண்டும். “அவர் திருடினாராம்” என்று சொல்லக் கூடாது. “நான் திருடினேன்” என்று நடுக் கோர்ட்டில் நின்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் நான் ஒப்புக்கொண்ட திருட்டும் அடிதடியும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. அழுதுகொண்டே சொன்னாலும் அழுகையை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுக்க வேண்டும். உனக்குத் தெரிந்ததை நீ சொல்ல அங்கே இடமில்லை. இதைச் சத்தியம் செய்துகொடுத்துத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் வருடம் என்னைக் கடலோரத்தில் ஒரு சின்ன கோர்ட்டுக்கு மாற்றினார்கள். டிண்டிங்ஸ் எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே எனக்கு வாய்த்த மாஜிஸ்திரேட் துரை ஒரு தினுசான ஆள். ஒல்லி, வெளுத்த மீசை, பார்லித் தண்ணீர் தவிர வேறு எதுவும் குடிக்கமாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருக்குப் பின்னால் இரண்டு அலமாரி. ஒன்றில் எங்கள் கூட்டு மாநிலச் சட்டங்கள், மற்றொன்றில் டிண்டிங்ஸில் செல்லும் சட்டங்கள். இரண்டுக்கும் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். எந்த வழக்கு வந்தாலும், ஆள் பெயரைக் கேட்கும் முன்பே, பென்சிலால் மேசையை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்பார்.

“எந்தப் பக்கம்?”

பேராக்கா, டிண்டிங்ஸா என்று அர்த்தம். அதற்கு எங்கள் பதில் “சுமார்” என்று ஆரம்பித்தால் போச்சு. “சுமார் என்று ஒரு மாநிலம் எனக்குத் தெரியாது” என்பார். ஒரு கோழித் திருட்டில், கோழியைப் பிடித்தது இந்தப் பக்கமா, கழுத்தைத் திருகியது அந்தப் பக்கமா என்று அரை நாள் விசாரித்தார். கோழிக்குச் சொந்தக்காரி வெறுத்துப்போய், “அந்தக் கோழிய அவனே தின்னுட்டுப் போகட்டும், என்ன விடச் சொல்லுங்க ஐயா” என்று என்னிடம் கெஞ்சினாள். அதையும் “என்னை விடச் சொல்லுங்கள்” என்று நான் மொழிபெயர்த்தேன். எனக்கும் அதே ஆசைதான். அவரை அப்போது எனக்குப் பிடிக்காது. புத்தகப் பூச்சி என்று மனசுக்குள் திட்டுவேன்.

அங்கே போன மறு வருடம் ஒரு நாள் காலை, மலாய் கான்ஸ்டபிள் ஒருவர் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெயர் சடையன். எல்லை ஓரத் தோட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவர். கடும் காய்ச்சல் வந்து, காய்ச்சல் இறங்கியபோது புத்தியும் கூடவே இறங்கிவிட்டது. யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை. உடுத்தியதை அவிழ்த்துப் போட்டுவிட்டு எங்கேயாவது போய் உட்கார்ந்துகொள்வார், சோறு ஊட்டினால் துப்புவார். மூன்றாம் முறை காணாமல் போனபோது, அவர் மனைவி காத்தாயிதான் போலீஸில் போய்ச் சொன்னது. டாக்டர் பார்த்து, சித்தம் கலங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டால் நேரே தஞ்சோங் ரம்புத்தான். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

பென்சில் இரண்டு தட்டு தட்டியது. “எந்தப் பக்கம்?”

கான்ஸ்டபிள் யோசிக்காமல் சொன்னார். சடையன் தோட்டத்து ஆலமரத்தடியில் இருக்கும் எல்லைக்கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார், கடலைப் பார்த்து.

“கடலைப் பார்த்தா? அப்படியானால் கல்லுக்கு அந்தப் பக்கம்.”

“ஆமாம் துவான்.”

துரை பென்சிலைக் கீழே வைத்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் டிண்டிங்ஸ். அங்கே போய் ஆளைப் பிடிக்கப் பேராக் போலீஸுக்கு அதிகாரம் இல்லை, அவரைப் பற்றி உத்தரவு போட எங்கள் துரைக்கும் இல்லை. லூமுட் மாஜிஸ்திரேட்டிடம் ஒப்படைத்துவிட வேண்டியது. அவர்கள் சட்டப்படி ஆளைக் கப்பலில் பினாங்கு, அங்கிருந்து சிங்கப்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கப்பல் வியாழக்கிழமை. அன்று திங்கள்.

இதை நான் தமிழில் காத்தாயிக்குச் சொன்னேன். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. பால் கறை பிடித்த கறுப்புச் சேலை, தலையில் துண்டு. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு அப்படியே நடந்தே வந்திருந்தாள்.

“சிங்கப்பூரா? அது எங்கிட்டுங்க ஐயா இருக்கு?”

சொன்னேன். எத்தனை நாள் பயணம் என்றும் சொன்னேன்.

“ரம்புத்தானுன்னா மாசம் ஒருக்கா ரயிலேறிப் போயி மொகத்தப் பாத்துட்டு வந்துருவேன். ஒரு வா சோறு ஊட்டுவேன். சிங்கப்பூருன்னா அவரு செத்துப் போனாக்கூட எனக்கு யாரு சொல்லுவா? அவரு எம்பேரு சொல்லக்கூடத் தெரியாம இருக்காருங்க. தொரைகிட்ட சொல்லுங்க, எம்புருசன் பேராக்குல பால் வெட்டுன ஆளு. பைத்தியம் புடிச்சதும் பேராக்குலதான்.”

“நான் மாதம் ஒரு முறை ரயிலில் போய் அவர் முகத்தைப் பார்ப்பேன்” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். துரை தலை குனிந்து எழுதிக்கொண்டார். வருத்தம்தான், ஆனால் ஒருவர் எங்கே பிடிபட்டாரோ அந்த மண்ணின் சட்டம்தான் அவருக்கு என்றார். பிறகு நிமிர்ந்து, “ஆனால் அந்தக் கல்லை நான் பார்த்ததில்லை. பார்க்காத கல்லை நம்பி நான் கையெழுத்துப் போடமாட்டேன். நாளைக் காலை போகிறோம்” என்றார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கான்ஸ்டபிள் வாயிலிருந்து “கல்” என்ற சொல் வந்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கல் எனக்குத் தெரியும். அதன் முன்னால் நான் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

கதை இதுதான். தோட்டத்துக்காகக் காட்டை அழித்தபோது, காட்டின் ஓரத்தில் தனியே ஒரு கல் நின்றதாம். அதன் முகத்தில் மூன்று கோடு, நடுக் கோடு நீளம், பக்கத்துக் கோடுகள் சாய்வு. சர்வேக்காரர்கள் சர்க்கார் சொத்துக்குப் போடும் அம்புக்குறி அது. நம் ஜனங்கள் கண்ணுக்கு அது சூலம். ஆளில்லாக் காட்டில் சூலம் பொறித்த கல் நின்றால் அது முனி இல்லாமல் வேறென்ன? எல்லை முனி என்று பெயர் வைத்து, சந்தனம் பூசி, சிவப்புத் துணி கட்டி, ஆடி மாதம் கிடா வெட்டிப் பூசை போட ஆரம்பித்துவிட்டார்கள். பூசை செய்வது சடையன்.

முந்தைய வருடத்துப் பூசைக்கு மாரிமுத்துக் கங்காணி என்னையும் கூப்பிட்டிருந்தார். தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பேர் போடுவது அவர்தான், அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். இலையில் கறியை அள்ளி வைத்தபடி, கடல் பக்கமாகத் தலையைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். “சாமி முன்னாடி அந்தாண்ட இருந்துச்சு தம்பி. புதுசா வண்டி ரோட்டு வெட்டுனப்ப ரோட்டோரத்துல மாட்டிக்கிச்சு. சாமி மேல வண்டி ஒரச விட முடியுங்களா? நாங்க நாலு பேரு சேந்து தூக்கியாந்து இந்த ஆலமரத்தடியில எறக்கிட்டோம்.”

நானும் “நல்ல காரியம் செஞ்சீங்க அண்ணே” என்று சொல்லிவிட்டு எலும்பைக் கடித்தேன். சாமியை நகர்த்தினார்கள் என்றுதான் என் காதில் விழுந்தது. இரண்டு அரசாங்கத்தின் எல்லையைத் தூக்கி வைத்துவிட்டார்கள் என்று மண்டையில் ஏறவே இல்லை. கோர்ட்டில் அந்தத் திங்கட்கிழமைதான் ஏறியது. கல்லைக் கடல் பக்கமிருந்து உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படியானால் சடையன் உட்கார்ந்திருந்த இடம் டிண்டிங்ஸ் அல்ல, பேராக்.

எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கூடாது என்ற விதி எனக்கு வசதியாக இருந்தது. உண்மையில் பயம். எல்லைக்கல்லை நகர்த்துவது சிறைக்குப் போகிற குற்றம். தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என் உத்தியோகம் என்ன ஆகும்? கறி வேறு தின்றிருக்கிறேன்.

மறுநாள் காலை துரை, கான்ஸ்டபிள், காத்தாயி, நான் எல்லோரும் தோட்டத்துக்குப் போனோம். சடையனையும் அழைத்துப் போயிருந்தோம். கல்லைக் கண்டதும் அவர் போய் அதே இடத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மாரிமுத்துக் கங்காணியும் பத்துப் பன்னிரண்டு ஆட்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். தோட்டத்துத் துரை சீமைக்கு லீவில் போயிருந்தார்.

எங்கள் துரை கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சந்தனம், குங்குமம், எலுமிச்சை மாலை, பக்கத்தில் ஒரு வேல். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மரியாதையா, வெயிலா, எனக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியுமா என்று கேட்டார். கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டு மூன்று செம்பு ஊற்றினார். சந்தனம் கரைந்து அம்புக்குறி வந்தது, அதன் கீழே எண் வந்தது. துரை கொண்டுவந்த வரைபடத்திலும் அதே எண்தான்.

பிறகு சர்வேச் சங்கிலியை எடுத்தார். ஒரு முனை கான்ஸ்டபிளிடம், மறுமுனை என்னிடம். கிழக்கே இருந்த மதகிலிருந்து கல் வரை அளந்தோம். வரைபடம் சொன்ன தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு சங்கிலி நீளம் குறைந்தது. இருபது இருபத்தைந்து எட்டு வைக்கும் தூரம். திரும்ப ஒருமுறை அளந்தோம், அதே குறைவு.

“வரைபடம் தப்பாக இருக்கலாம்” என்றார் துரை. “சட்டப்படி காகிதத்தைவிடத் தரையில் நிற்கும் கல்லுக்குத்தான் மதிப்பு. யாராவது கல்லை நகர்த்தினார்கள் என்று கண்ணால் பார்த்தவர் சொன்னாலொழிய. கேளுங்கள்.”

நான் தமிழில் கேட்டேன். இந்தக் கல்லை யாராவது நகர்த்தினீர்களா?

கங்காணி என்னைப் பார்த்தார். போன வருடம் எனக்கு இலையில் கறி வைத்தபோது பார்த்த அதே கண்தான். “சாமிய யாருங்க நகத்துவா? இருந்த எடத்துலதான் இருக்கு” என்றார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். ஜெயில் என்றால் யாருக்குத்தான் பயமில்லை?

“கல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பொய் என்று தெரிந்தே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

துரை வரைபடத்தைச் சுருட்டினார். அப்போதுதான் காத்தாயி வாயைத் திறந்தாள். துரையைப் பார்த்து அல்ல, கங்காணியைப் பார்த்து.

“நாலு பேரு தூக்குனீங்க. நீங்க, ரெங்கன், பெரியசாமி, எம்புருசன். நாந்தான் முன்னால மஞ்சத் தண்ணி தெளிச்சுக்கிட்டு வந்தேன். சாமி குத்தம்னு எம்புருசன மட்டும்தான் புடிச்சிருக்கு. இப்ப அவரு சிங்கப்பூருக்குப் போறாரு, நீங்க மூணு பேரும் பால்மரம் வெட்டப் போறீங்க. போலீசு மாத்தா உங்களயும் புடிக்கட்டுமே, என்னா கொறஞ்சிரும்?”

“வாய மூடு புள்ள!” என்றார் கங்காணி. என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “தம்பி, பொம்பள ஏதோ வயித்தெரிச்சல்ல பேசுது. பேருங்கள விட்டுட்டுச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் குத்தியது. துரைக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஆட்களின் முகம் படிக்கத் தெரியும். “எல்லாவற்றையும் சொல்லுங்கள்” என்றார், மெதுவாக. சொன்னேன். நான்கு பெயரும், மஞ்சள் தண்ணீரும், கங்காணி என்னிடம் கேட்டுக்கொண்டதும், எல்லாவற்றையும். சொல்லச் சொல்லத் தைரியம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை.

“பழைய இடம் எது?” என்றார் துரை.

காத்தாயி நேரே சாலை ஓரத்துக்கு நடந்தாள். “இங்கன. சாமிய எடுத்தா எடத்த வெறுமனே விடக் கூடாதுன்னு எம்புருசன் தன்னோட பால்வெட்டுக் கத்தியப் பொதச்சாரு. தோண்டிப் பாருங்க.”

கான்ஸ்டபிள் மண்வெட்டி வாங்கித் தோண்டினார். முழங்கை ஆழத்தில் கத்தி வந்தது. துருப்பிடித்து, ஆனால் வளைந்த முனையோடு முழுசாக. அங்கிருந்து மதகு வரை மறுபடி அளந்தோம். வரைபடத்தோடு சரியாக நின்றது.

துரை அங்கேயே, மண்வெட்டித் தகட்டின் மேல் காகிதத்தை வைத்து, உத்தரவில் கையெழுத்துப் போட்டார். சடையன் பிடிபட்டது பேராக் மண்ணில். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பவும். காத்தாயி அழவில்லை. போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடுப்புத் துண்டைச் சரியாகக் கட்டிவிட்டாள்.

கான்ஸ்டபிள் மாரிமுத்துக் கங்காணியின் கையைப் பிடித்துவிட்டார். கங்காணி முகம் சாம்பல் பூத்துப்போய் நின்றது. அவர் பக்கத்தில் ரெங்கனும் பெரியசாமியும். “துவான், இவர்கள்?” என்றார் கான்ஸ்டபிள்.

கையில் பென்சில் இருந்தது, மேசைதான் இல்லை. துரை ஆலமரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

“எந்தப் பக்கம்?”

யாருக்கும் புரியவில்லை. அவர் விளக்கினார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். எல்லைக்கல் எல்லைக் கோட்டின் மேல் நிற்பது. ஆகவே அது தூக்கப்பட்டபோது பாதி டிண்டிங்ஸில் இருந்தது, பாதி பேராக்கில். இறக்கி வைக்கப்பட்டது பேராக்கில். தூக்கியது குற்றமா, இறக்கியது குற்றமா? எந்தச் சபையின் சட்டப்படி? எந்தக் கோர்ட்டு விசாரிப்பது? இது ஒரு சாதாரண மாஜிஸ்திரேட் தீர்மானிக்கக்கூடிய விஷயமல்ல. இரண்டு அரசாங்கத்துக்கும் எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரும் வரை யாரையும் பிடித்துவைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

துரையின் முகத்தில் ஒரு சிரிப்புக் கோடுகூட இல்லை. அன்று மாலையே இரண்டு கடிதம் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ஒவ்வொன்றிலும் நுணுக்கமாகப் பன்னிரண்டு கேள்வி. பதிலாக அங்கிருந்து கேள்விகள் வந்தன, இங்கிருந்து விளக்கங்கள் போயின. கோப்பு தலையணை மாதிரி தடித்தது. சர்வேக்காரர்கள் வந்து கல்லைப் பழைய இடத்தில், சாலை ஓரமாக நட்டார்கள். தோட்டத்து ஜனங்கள் அங்கேயே போய்ச் சந்தனம் பூசினார்கள். கோப்பு மட்டும் முடியவில்லை. யுத்தத்துக்குச் சில வருடம் முன்பு டிண்டிங்ஸைப் பேராக்கோடு திருப்பிச் சேர்த்தபோது, இனி இங்கே எல்லையே இல்லை, ஆகவே நடவடிக்கை தேவையில்லை என்று யாரோ எழுதி அதை மூடினார்களாம். துரை அதற்குள் சீமைக்குப் போய்விட்டார். நான் அவரைப் புத்தகப் பூச்சி என்று நினைத்ததை அவரிடம் சொல்லும் வாய்ப்பு கிடைக்கவில்லை, நல்லதுதான்.

காத்தாயிக்குத்தான் யாரும் சலுகை காட்டவில்லை. மறு வாரத்திலிருந்து பெரட்டில் கங்காணி அவள் பேரைக் கூப்பிடவில்லை. லயத்து வீடுகளில் பெண்கள் அவளோடு தண்ணீர் எடுக்க நிற்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

நான்கைந்து வருடம் கழித்து என்னை ஈப்போவுக்கே திருப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு நோயாளியின் வாக்குமூலத்துக்காகத் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போய்விட்டு, நடுப்பகல் ரயிலுக்கு ஸ்டேஷனில் காத்திருந்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ரயில் நின்றது. கையில் தூக்குச் சட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக இறங்கியவள் என்னைப் பார்த்து நின்றாள். எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது, அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“கோர்ட்டு ஐயா! என்னத் தெரியலயா? காத்தாயி.”

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறாளாம். ரம்புத்தானுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்றே அங்கே போனாளாம். சடையனுக்குப் புத்தி திரும்பவில்லை. இவள் யார் என்று தெரியாது. ஆனால் இவள் ஊட்டினால் மட்டும் துப்பாமல் சாப்பிடுகிறார் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கூட வந்த பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, நான் சொல்லல? இவருதான். அன்னிக்கு எனக்காகத் தொரைகிட்ட இங்கிலீசுல அப்படிப் பேசுனாரு. கங்காணி வாய மூடுன்னாரு, இவரு மூடலயே! இவரு பேசலேன்னா எம்புருசன் சிங்கப்பூருல எந்த மூலையில கெடந்திருப்பாரோ.”

அந்தப் பெண் என்னைக் கும்பிட்டாள். நான் பேசவில்லை அம்மா, நீ பேசியதைத்தான் சொன்னேன், அதற்கு முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் இருந்தேன், நான் சொல்லியிருந்தால் நீ அந்தத் தோட்டத்தை விட்டுப் போயிருக்க வேண்டாம். இத்தனையும் வாய் வரை வந்தது. என் வேலையே பேசுவது. அன்று எனக்குச் சொந்தமாக ஒரு சொல் வரவில்லை.

அவள் சீப்பிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்தாள். “அவருக்குன்னு வாங்குனது. நீங்களும் சாப்புடுங்க ஐயா.”

வாங்கிக்கொண்டேன்.